ஒக்டேன் எண்ணும் உல்லாசக் காரும்

மோட்டார் வாகனம் வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. விலை கூடிய பெற்றோல் வீரியம் கூடிய பெற்றோல் என்பதே அது. ஒக்டேன் 92 என்று எழுதிய குழாயையும் ஒக்டேன் 95 என்று எழுதிய குழாயையும் அருகருகே கண்டவுடன், பின்னையதில் மூன்று பங்கு சத்து மிகுந்திருக்கிறது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. நல்ல காருக்கு நல்ல தீனி வேண்டாமா என்று கேட்போரும் உளர். இந்த எண் உண்மையில் எதைக் குறிக்கிறது, வண்டியின் ஓட்டத்துக்கும் கியரின் நடத்தைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஹெவ்லொக் டவுன் பொருத்தமான களம். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக் அவர்களின் பெயரைத் தாங்கிய வீதி, தும்முல்லைச் சந்தியிலிருந்து பாமன்கடை வரை செல்கிறது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற நிலத்திலே இப்பொழுது ஹெவ்லொக் சிட்டி மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் கீழ்த்தளங்களிலும், திம்பிரிகஸ்யாயப் பக்கத்துப் பழைய வீடுகளின் முகப்பிலும், இரண்டு கதவுகளும் தாழ்ந்த கூரையும் உடைய ‘கூப்பே’ வகை உல்லாசக் கார்களைக் காணலாம். நெடுஞ்சாலைகளில் மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் விரைவதற்கென்று அமைக்கப்பட்ட இவ்வாகனங்கள், மாலை ஐந்து மணிக்கு ஹெவ்லொக் வீதியில் முச்சக்கர வண்டிகளின் பின்னால் நடைவேகத்தில் நகர்கின்றன. “லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்கூட ஓடவில்லை, கியர் உதறுகிறது, 95 அடித்துப் பார்த்தும் பயனில்லை” என்பது இவற்றின் சொந்தக்காரரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இம்மூன்று முறைப்பாடுகளும் ஒரே நோயின் மூன்று குறிகளாக இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாகவும் இருக்கலாம். அதைப் பகுத்தறியாமல் பணத்தைச் செலவிடுவதில்தான் நட்டம் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பார்ப்போம்.

பெற்றோல் எஞ்சினின் உருளைக்குள்ளே காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்குகிறது. உரிய வேளையில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைக் கொடுக்க, தீ ஒரு முனையில் தொடங்கி ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது முறையான எரிவு. ஆனால் எந்த வாயுவையும் அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். பொறியிலிருந்து புறப்பட்ட தீ மறுமுனையை அடையுமுன்னரே, அங்கு நெருக்குண்டு கொதிக்கும் மீதிக் கலவை தானாகவே ஒரேயடியாக வெடித்துவிட்டால் அதுவே ‘நொக்கிங்’ எனப்படும் தட்டல். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை எழும். இது நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், வளையங்கள் உடையும்.

இந்தத் தட்டலுக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுத்து நிற்கும் என்பதைக் காட்டும் எண்ணே ஒக்டேன் எண். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க இரசாயனவியலாளர் கிரகாம் எட்கர் இதற்கான அளவுகோலை வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஒக்டேன் என்னும் திரவத்துக்கு 100 என்றும், தொட்டதும் தட்டுகின்ற ஹெப்டேன் என்னும் திரவத்துக்குச் சுழி என்றும் இலக்கமிட்டார். ஒரு பெற்றோல், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போன்று நடந்துகொண்டால் அது 92. அதற்குள் 92 பங்கு ஒக்டேன் இருக்கிறது என்பது பொருளன்று. அதன் பொறுமை அத்தகையது என்பதே பொருள்.

சக்தியைப் பொறுத்தவரை ஒரு லீற்றர் பெற்றோல், 92 ஆயினும் 95 ஆயினும், எரியும்போது ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பத்தையே தருகிறது. ஆகவே 95இல் சத்து அதிகம் என்னும் கொள்கை தவறு. அதிகமாக இருப்பது பொறுமை மட்டுமே. அப்பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு எஞ்சினில் இருந்தால் ஆதாயம் உண்டு. இல்லாவிடில் அந்தப் பொறுமைக்குக் கொடுத்த விலை புகைக் குழாய் வழியே போய்விடும்.

அந்த அமைப்பு யாது? முதலாவது, அமுக்க விகிதம். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பிரித்தானியாவில் 1953 வரை விற்கப்பட்ட ‘பூல்’ பெற்றோலின் ஒக்டேன் எழுபதை ஒட்டியே இருந்தது. அதற்கேற்ப அக்காலத்துச் சிறிய கார்களின் அமுக்க விகிதமும் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றது. நம் ஊர்களில் இன்றும் ஓடும் பழைய மொறிஸ் மைனர் வண்டிகளுக்கு 95 ஊற்றுவது பல் போன முதியவருக்குக் கரும்பு வாங்கிக் கொடுப்பதை ஒக்கும். இன்றைய எஞ்சின்களோ பத்து, பதினொன்று, சிலவேளை பதின்மூன்றுக்கு ஒன்று என்று அமுக்குகின்றன. இரண்டாவது, டேர்போ. அது காற்றை முன்கூட்டியே நெருக்கி உள்ளே தள்ளுவதால், உருளைக்குள் நிகழும் உண்மையான நெருக்கம் ஏட்டில் எழுதிய விகிதத்தை விஞ்சிவிடும். ஐரோப்பியக் கூப்பேக்களில் பெரும்பாலானவை இன்று டேர்போ பூண்டவை. அவற்றுக்கு 95 அல்லது அதற்கு மேல் என்று தயாரிப்பாளர் விதித்திருப்பது விளம்பரத்துக்காகவன்று.

தயாரிப்பாளர் விதித்ததை எங்கே காண்பது? பெற்றோல் வாயிலின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். கையேட்டிலும் இருக்கும். ஆனால் அந்த இலக்கத்தை அப்படியே நம் நாட்டுக் குழாயோடு ஒப்பிடலாகாது. இந்த இடத்திலேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் குறிக்கப்படுவது ‘றிசேர்ச்’ முறைப்படி அளந்த எண். அமெரிக்காவில் அம்முறையில் அளந்த எண்ணையும், அதனைவிடக் கடுமையான ‘மோட்டார்’ முறையில் அளந்த எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். ஆகவே அமெரிக்கக் கையேட்டில் 87 என்றிருந்தால் அது நம்முடைய 91, 92க்கு நிகர். அங்கே 91 என்றிருந்தால் அது நம்முடைய 95ஐ ஒட்டியது. அமெரிக்கச் சீட்டில் 91ஐக் கண்டு, “நமக்கு 92 போதும், அதற்கும் ஒன்று கூட இருக்கிறதே” என்று மகிழ்பவர் தம் எஞ்சினுக்குத் தீங்கிழைக்கிறார்.

கொழும்பில் ஓடும் கார்களில் பெருந்தொகையானவை யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. யப்பானிய நியமப்படி அங்கு இரண்டு வகைப் பெற்றோல் உண்டு. சாதாரண வகையின் கீழெல்லை 89; உயர் ஒக்டேன் வகையின் கீழெல்லை 96. இரண்டும் றிசேர்ச் முறை எண்களே. ஆகவே யப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட கார், இங்குள்ள 92இல் யாதொரு குறையுமின்றி ஓடும். அதற்கு 95 வேண்டியதில்லை. மாறாக, அங்கே உயர் ஒக்டேன் விதிக்கப்பட்ட விளையாட்டுக் கார்களுக்கும் கூப்பேக்களுக்கும் நம்முடைய 95கூட மயிரிழை குறைவுதான். 92 ஊற்றுவது அவற்றுக்கு ஒவ்வாது.

இனி, பெற்றோலுக்கும் கியருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். அதுவே இப்பேச்சின் நடுநாயகமான விடயம்.

முற்காலத்து எஞ்சினில் தட்டல் எழுந்தால் செவிக்குக் கேட்கும். ஓட்டுபவர் கியரைக் குறைப்பார். அல்லது மெக்கானிக்கிடம் சென்று பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவார். இக்காலத்து எஞ்சினில் இவ்வேலையை ஒரு கணினி பார்க்கிறது. எஞ்சினின் உடலில் பொருத்திய உணர்கருவி தட்டலின் அதிர்வைக் கண்டதும், கணினி பொறியை ஓரிரு பாகை தாமதிக்கச் செய்கிறது. நமக்கு ஓசை ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் பொறி தாமதித்தால் தள்ளுவிசை குறையும். கார் சோம்புகிறது என்று உணர்ந்த ஓட்டுநர் அக்சிலரேற்றரை மேலும் அழுத்துகிறார். கியர்ப் பெட்டியின் கணினிக்கு இந்த அழுத்தம் வேறு செய்தியைச் சொல்கிறது: எசமானருக்கு அவசரம் என்று அது கருதி, ஐந்தாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குத் தாவுகிறது. எஞ்சின் இரைகிறது, பெற்றோல் கூடுதலாகச் செலவாகிறது. கால் சற்றுத் தளர்ந்ததும் மீண்டும் மேற்கியர், மீண்டும் தட்டல், மீண்டும் சோம்பல். “கியர் தேடுகிறது” என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்நிலையைத்தான். கராஜுக்குப் போனால் கியர்ப் பெட்டியைக் கழற்றலாம் என்ற யோசனைகூட முன்வைக்கப்படும். நோய் கியர்ப் பெட்டியில் இல்லை, தாங்கியில் இருக்கிறது என்பது அதன் பின்னரே தெரியவரும்.

இது மறுதலையாகவும் நிகழும். எட்டு, ஒன்பது கியர்கள் கொண்ட இன்றைய பெட்டிகள் பெற்றோலைச் சிக்கனப்படுத்தும் நோக்கோடு மிக விரைவில் மேற்கியருக்கு ஏறிவிடுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு சுற்றுகளில் முக்கிக்கொண்டு பாரத்தை இழுக்கும் அந்த நிலையே தட்டலுக்கு மிகவும் ஏதுவான நிலை. கலவை நெடுநேரம் நெருக்கத்தில் கிடந்து வேகுவதற்கு அவகாசம் கிடைக்கிறது அல்லவா? டேர்போ பூண்ட எஞ்சினில் இது இன்னும் அபாயகரமானது. சிக்கனத்துக்கென்று வகுத்த கியரே பொறுமை மிகுந்த பெற்றோலை வேண்டி நிற்கிறது.

எல்லா உதறலுக்கும் பெற்றோலே காரணம் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்துவது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை நினைத்துக்கொண்டால் இப்பெட்டியின் தத்துவம் விளங்கும். 1939இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஹைட்ரமற்றிக்’ தொட்டு இன்றைய எட்டுக் கியர்ப் பெட்டி வரை இவ்வமிசத்தைச் சேர்ந்தவை பல. நின்று நின்று போகும் வீதிக்கு இது இணக்கமானது. எண்ணெய் வழுக்கலில் சிறிது சக்தி வெப்பமாகப் போகும், அவ்வளவே. மற்றையது இரட்டைக் கிளச் பெட்டி. உள்ளே இருப்பது மனிதன் இயக்கும் கியர்ப் பெட்டியின் உறுப்புகளே. கிளச்சை மிதிப்பது மட்டும் இயந்திரம். திறந்த வீதியில் இதன் விரைவுக்கும் சிக்கனத்துக்கும் ஈடு இல்லை. ஆனால் முன்வண்டி ஓர் அடி நகர நாமும் ஓர் அடி நகர்வதென்றால், கிளச் அரைப் பிடியில் உராய்ந்து உராய்ந்து சூடேறுகிறது. பாமன்கடையை நோக்கிய மாலை நெரிசலில் அரை மணி நேரம் இவ்வாறு ஊர்ந்த பின் புறப்படும்போது எழும் உதறலை எந்த ஒக்டேனும் மாற்றாது. முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு கார் நீளம் விட்டு, அவ்விடைவெளி திறந்த பின்னர் ஒரே முறையில் நகர்ந்து முற்றாக நிற்பதே அதற்குப் பரிகாரம். அவ்விடைவெளியில் ஒரு முச்சக்கர வண்டி நுழையத்தான் செய்யும், நுழைந்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் எண்ணெயையும் மறக்கலாகாது. ‘ஆயுட்கால எண்ணெய், மாற்ற வேண்டியதில்லை’ என்று சில கார்த் தயாரிப்பாளர் எழுதியிருப்பார்கள். ஆயினும் எட்டுக் கியர்ப் பெட்டியைச் செய்யும் ஜெர்மானிய நிறுவனமாகிய இசட்.எஃப். தானே, 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் எண்ணெயை மாற்றும்படி சொல்கிறது. 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த நம் நாட்டிலே, உள்ள கார்களே கைமாறிக் கைமாறி முதுமை எய்தியிருக்கின்றன. பழைய கார் வாங்குபவர் பெற்றோல் வகையைப் பற்றிக் கேட்குமுன் இந்த எண்ணெய் எப்பொழுது மாற்றப்பட்டது என்று கேட்பது நலம்.

அடுத்து, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்னும் கேள்வி. ஆயிரத்து எழுநூறு கிலோகிராம் எடையுள்ள ஓர் உல்லாசக் கார் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தை அடைந்து, பின் பிரேக் பிடித்து நின்றால், ஏறக்குறைய 105 கிலோஜூல் சக்தி பிரேக்கில் வெப்பமாகி மறைகிறது. ஒரு லீற்றர் பெற்றோலின் 32 மெகாஜூலில் நகர ஓட்டத்தில் சக்கரத்தைச் சென்றடைவது ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், ஏறத்தாழ அறுபது தடவை நின்று புறப்படுவதற்கே ஒரு லீற்றர் தீர்ந்துவிடும். குளிரூட்டியோடு எஞ்சினை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் நின்றால், அதற்கு இன்னும் ஒரு லீற்றரளவு. கூப்பேயின் பாதி எடையுள்ள சிறிய கார், நிற்கும் ஒவ்வொரு முறையும் பாதியையே இழக்கிறது. ஹெவ்லொக் வீதியில் ஆறு கிலோமீற்றர் கொடுக்கும் அதே கூப்பே, கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி மணிக்கு எண்பது, தொண்ணூறில் காலி நோக்கி ஓடினால் அதன் இரு மடங்கு கொடுப்பதில் வியப்பில்லை. எஞ்சினும் அதுவே, பெற்றோலும் அதுவே.

ஓட்டத்தை அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முகப்புப் பலகை காட்டும் எண்ணை நம்பாமல், தாங்கியை ஒரே நிலையத்தில் நிரம்ப அடித்து, முந்நூறு நானூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் நிரம்ப அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் வகுக்க வேண்டும். மூன்று தடவையாவது செய்தால்தான் முடிவு உறுதியாகும். கலனுக்கு இத்தனை மைல் என்று இன்றும் பேசும் மூத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்பது நம் பழைய கலனுக்கு 28 மைல். அமெரிக்கக் கலன் சிறியது. அதற்கு இதே ஓட்டம் 23 மைல் சொச்சந்தான். அமெரிக்கர் எழுதியதைப் படித்துத் தம் காரைக் குறை கூறுவோரும், அளவுக்கு மீறி மெச்சுவோரும் இதனைக் கவனிப்பதில்லை.

காசுக் கணக்கை 2022 யூன் மாதத்து விலையை வைத்துப் பார்க்கலாம். அவ்விலையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாத இறுதியில் 92 லீற்றர் 470 ரூபா, 95 லீற்றர் 550 ரூபா. 92இல் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் காருக்குக் கிலோமீற்றருக்கு 47 ரூபா ஆகிறது. 95 ஊற்றி அதே செலவில் ஓட வேண்டுமானால், கார் லீற்றருக்கு 11.7 கிலோமீற்றர் கொடுக்க வேண்டும். அதாவது நூற்றுக்குப் பதினேழு மேலதிகமாக. 92 போதுமான எஞ்சினில் அப்படிப்பட்ட ஆதாயம் ஒருபோதும் கிடைக்காது. 95 விதிக்கப்பட்ட எஞ்சினிலும் பொறித் தாமதத்தால் வரும் இழப்பு பொதுவாக இதனினும் குறைவே. ஆகவே அங்கே 95 ஊற்றுவது காசை மிச்சம்பிடிக்க அன்று, எஞ்சினைக் காக்க. விலைகள் மாறிவிட்டன. ஆயினும் இரண்டு விலைகளையும் ஒன்றால் ஒன்று வகுத்துப் பார்க்கும் இம்முறை எந்நாளும் பொருந்தும்.

அந்த 2022இன் நினைவு கசப்பானது. பெற்றோல் வாங்க டொலர் இல்லாமல் நாடு தவித்தது. வரிசைகள் இரவு பகலாக நின்றன. யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று பங்கிடப்பட்டது. லீற்றருக்கு ஆறு ஓடும் கூப்பே அதனைக் கொண்டு காலிக்கு ஒரு முறை போகலாம். திரும்பி வர முடியாது. நம் நாட்டிலே எரியும் பெற்றோல் முழுவதும், மசகெண்ணெயாகவோ சுத்திகரித்த நிலையிலோ, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவதே. தேவையில்லாத காருக்கு 95 கேட்பது சொந்தப் பையை மட்டும் தொடும் காரியமன்று.

95 கிடைக்காத வேளையில் 95 கேட்கும் காருக்கு என் செய்வது? தாங்கியில் பாதி 95 இருக்க, மீதிக்கு 92 சேர்த்தால் கலவை தொண்ணூற்று மூன்றரையை ஒட்டி நிற்கும். அந்நிலையில் அக்சிலரேற்றரைப் பாதிக்கு மேல் மிதியாமல், கியரைக் கையால் தெரிவு செய்யும் நிலைக்கு மாற்றி ஒரு கியர் கீழே வைத்து, எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலவிட்டால் தட்டலுக்கு இடமில்லை. நகரத்துக்குள் இவ்வாறு சமாளிக்கலாம். ஐவரை ஏற்றிக்கொண்டு றம்பொடை ஏற்றத்தில் ஏறுவதை மட்டும் ஒத்திப்போட வேண்டும்.

மலைநாட்டைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு விந்தை. கடல்மட்டத்தில் வெப்பம் மிகுந்த கொழும்பிலே தட்டும் டேர்போ இல்லாத எஞ்சின், ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட நுவரெலியாவில் தட்டாது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, உருளைக்குள் நெருக்கமும் குறைவு, குளிரும் துணை. டேர்போ பூண்டது மட்டும் குறைந்த காற்றை ஈடுசெய்து நெருக்கிக்கொள்வதால், அதற்கு இச்சலுகை அவ்வளவாகக் கிட்டுவதில்லை. திரும்பி இறங்கும்போது சிலர் பெற்றோலை மிச்சம்பிடிப்பதாக எண்ணிக் கியரை நடுநிலையில் விடுகிறார்கள். அப்பொழுது எஞ்சின் சும்மா சுழல்வதற்கே பெற்றோல் குடிக்கும். பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். கீழ்க்கியரில் விட்டுக் காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெற்றோல் தெளிப்பதை அடியோடு நிறுத்திவிடுகிறது. இறக்கம் நெடுகிலும் கால் அக்சிலரேற்றரைத் தொடாத அந்த வளைவுகளில், தாங்கியில் இருப்பது 92 ஆயினும் 95 ஆயினும் ஒரு துளியும் செலவாவதில்லை.